தன் கையே தனக்கு உதவி: மருத்துவமனையில் முதியோரின் நிலையை மதிப்பிடும் முறை

முதியவர் ஒருவர் நிமோனியாக் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். எட்டு நாட்களில் காய்ச்சல் தணிகிறது, மூச்சு சீராகிறது, இரத்தப் பரிசோதனையும் திருப்திகரமாக இருக்கிறது. ‘குணம்’ என்று குறிப்பெழுதி அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் நோய் வருமுன் தாமே குளித்து, தாமே உடுத்தி, கடைத்தெரு வரை நடந்து சென்றுவந்த மனிதர், இப்பொழுது இருவர் தோள்கொடுக்க வாகனத்தில் ஏற்றப்படுகிறார். வீட்டில் எழுந்து கழிப்பிடத்துக்குச் செல்லவும் அவருக்குத் துணை வேண்டியிருக்கிறது. நோய் நீங்கிற்று என்பதில் ஐயமில்லை. நோயாளி குணமடைந்தாரா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியிலிருந்துதான் முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை தோன்றியது. நோயின் பெயரை மட்டும் அறிந்தால் போதாது; நோயாளி தம் அன்றாடக் காரியங்களில் எவற்றைத் தாமே செய்யவல்லவர், எவற்றுக்குப் பிறர் துணை தேவை என்பதையும் அளந்தறிய வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கையாகும். அவ்வாறு அளக்கும் முறைகளையும், அவற்றால் விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நலிவு என்பது யாது?

முதுமையும் நலிவும் ஒன்றல்ல. எண்பது பிராயத்திலும் திடமாக நடமாடுவோர் உண்டு. அறுபத்தைந்திலேயே தளர்ந்துவிடுவோரும் உண்டு. உடலின் ஒவ்வோர் உறுப்பும் தன் அன்றாடத் தேவைக்கு மேல் ஓரளவு ஆற்றலைச் சேமிப்பாக வைத்திருக்கிறது. பிராயம் ஏற ஏற இச்சேமிப்பு குறைகிறது. சேமிப்பு மிகக் குறைந்து, ஒரு சிறு காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, இடமாற்றமோகூட ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும் என்னும் நிலையையே நலிவு என்கிறோம். கையில் ரொக்கம் இல்லாத குடும்பம் ஒரு மாதச் சம்பளம் தவறினாலே தத்தளிப்பதைப் போன்றது இது.

அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரீட் என்பாரும் அவருடைய சகாக்களும் 2001-இல் நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே உடல் எடை குறைதல், ஓயாத அயர்ச்சி, கைப்பிடியின் வலிமைக் குறைவு, நடையின் வேகக் குறைவு, உடலுழைப்புக் குறைவு என்பன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ காணப்படுபவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ காணப்படுபவர் நலிவின் வாயிலில் நிற்பவர்.

படுக்கை செய்யும் கேடு

நோயாளிக்கு ஓய்வே மருந்து என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் முதியோர் விஷயத்தில் படுக்கை ஓய்வு இருபுறமும் கூரான கத்தியாகும். 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமான முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அப்பத்து நாட்களில் அவர்களுடைய கால்களின் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் குறைந்துபோயிற்று. அவர்கள் நோயற்றவர்கள். நோயும், பசியின்மையும், உறக்கக் குறைவும் சேர்ந்த ஒருவருக்கு இழப்பு இதனினும் மிகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படுத்திருப்பதால் தசை மட்டுமே குன்றுவதில்லை. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் திறன் மங்குகிறது. எழுந்தவுடன் தலை சுற்றுகிறது. விழுந்து எலும்பு முறிகிறது. நுரையீரலில் சளி தேங்குகிறது. முதுகிலும் குதிகாலிலும் புண் உண்டாகிறது. இரவு பகல் வேறுபாடு தெரியாத கூடத்தில், கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டில் இருக்க, பழகிய முகமும் இல்லாத நிலையில், சித்தம் திடீரெனக் குழம்புகிறது. சிலர் பிதற்றுவர், சிலர் பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பர். இரண்டாம் வகையினரை ‘அமைதியாக உறங்குகிறார்’ என்று தவறாகக் கருதிவிடுவது எளிது. இது வயதின் இயல்பன்று. அவசரமாகக் காரணம் தேடவேண்டிய நோய்க்குறி.

அமெரிக்காவில் 70 பிராயத்துக்கு மேற்பட்ட உள்நோயாளிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது மூவரில் ஒருவர், நோய்க்கு முன் தாமே செய்துவந்த அன்றாடக் காரியம் ஒன்றையேனும் செய்ய இயலாதவராக இருந்தார்.

ஒரு பெண்மணி காட்டிய வழி

இத்துறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் மார்ஜொரி வாரன் என்னும் அம்மையார். 1935-இல் அவர் பணிபுரிந்த மேற்கு மிடில்ஸெக்ஸ் மருத்துவமனையுடன், பக்கத்திலிருந்த ஏழையர் விடுதி மருத்துவமனை ஒன்று இணைக்கப்பட்டது. அங்கே 714 நோயாளிகள் இருந்தனர். பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள். ‘தீராதவர்கள்’ என்று கைவிடப்பட்டவர்கள். அம்மையார் அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, வகைப்படுத்தி, எழுந்து உட்காரவும் நடக்கவும் பயிற்றுவித்தார். அவர்களுள் பலர் எழுந்து நடமாடினர். வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் தீராதவர்கள் அல்லர், ஆராயப்படாதவர்கள் என்பதை அவர் நிரூபித்துக் காட்டினார்.

நம் நாட்டில் இத்துறையின் தொடக்கம் சென்னையில் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வி. எஸ். நடராஜன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மத்திய அரசு 2010-11-இல் முதியோர் சுகாதாரத்துக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது.

அளவுகோல்கள்

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல, அன்றாடத் திறனை அளக்கவும் கருவிகள் உண்டு. அவை கண்ணாடியாலோ உலோகத்தாலோ ஆனவை அல்ல. முறையாக வகுத்த கேள்விகளாலானவை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர் ஸிட்னி காட்ஸ் 1963-இல் ஆறு காரியங்கள் அடங்கிய அட்டவணை ஒன்றை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்பன அவை. இத்திறன்கள் இழக்கப்படுவதிலும் மீள்வதிலும் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கண்டார். குளிக்கும் திறன் முதலில் போகிறது. உண்ணும் திறன் கடைசி வரை நிற்கிறது. மீளும்போது இவ்வரிசை தலைகீழாகிறது. குழந்தை ஒன்று இத்திறன்களைக் கற்றுக்கொள்ளும் வரிசையை இது ஒத்திருப்பதாகவும் அவர் குறிப்பிட்டார்.

1965-இல் டாக்டர் புளோரன்ஸ் மஹோனியும் டாரத்தியா பார்த்தெல் அம்மையாரும் வெளியிட்ட பார்த்தெல் அட்டவணை பத்துக் காரியங்களுக்கு எண் வழங்குகிறது. உண்ணல், உடுத்தல், மலத்தை அடக்கல், சிறுநீரை அடக்கல், கழிப்பிடத்தைப் பயன்படுத்தல், படியேறல் ஆகிய ஆறுக்கும் ஒவ்வொன்றுக்கு 10. குளித்தலுக்கும், பல்துலக்கித் தலைவாரிக்கொள்வதற்கும் ஒவ்வொன்றுக்கு 5. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும், நடப்பதற்கும் ஒவ்வொன்றுக்கு 15. ஆக மொத்தம் 100. பிறர் துணையுடன் செய்வதற்குக் குறைந்த எண்ணும், இயலாததற்குப் பூஜ்யமும் இடப்படும்.

சமைத்தல், கடைக்குச் செல்லுதல், பணத்தைக் கையாளுதல், மருந்தை வேளை தவறாது உட்கொள்ளுதல் முதலிய நுட்பமான காரியங்களை அளக்க லாட்டனும் பிராடியும் 1969-இல் வேறோர் அட்டவணை அமைத்தனர். நடையைச் சோதிக்கவோ நாற்காலியும் கடிகாரமும் போதும். நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அவர் விழும் அபாயம் உள்ளவர் எனக் கொள்ளலாம்.

இவை மேல்நாட்டு வழக்கங்களை வைத்து அமைந்தவை என்பதை மறத்தலாகாது. நாற்காலிக்கு மாறத் தெரிந்தால் 15 எண் கிடைக்கிறது. தரையில் பாய்விரித்து உறங்கி, தரையில் அமர்ந்து உண்டு, குத்திட்டு அமரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்தும் ஒருவருக்குத் தரையிலிருந்து எழும் திறனே முக்கியம். அதைப் பற்றி அட்டவணை கேட்பதில்லை. எழுத்தறியாதவரிடம் எழுதச் சொல்லி ஞாபகசக்தியைச் சோதிப்பதும் பொருந்தாது. இக்குறையை நீக்கவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 1990-களில் ஆராய்ச்சி நடத்தி, எழுத்தறிவு வேண்டாத ஞாபகப் பரிசோதனையும், கிராம வாழ்வுக்கு ஏற்ற அன்றாடத் திறன் அட்டவணையும் உருவாக்கப்பட்டன.

வண்டூரிலிருந்து ஒரு நோயாளி

மேற்கூறியவற்றை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தென் அந்தமானின் மேற்குக் கரையில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வண்டூர். 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் அதுவே. பெருநிலத்திலிருந்து குடியேறிய பல மொழியினர் வாழும் தீவுக்கூட்டம் இது. தமிழரும் அவர்களுள் அடங்குவர். தீவுகளுக்கெல்லாம் தலைமையான ஜி. பி. பந்த் மருத்துவமனை நகரில் உள்ளது. அங்கும் இயலாத சிகிச்சைக்குக் கடல் கடந்து செல்ல வேண்டும். சென்னைக்குக் கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். இத்தகைய இடத்தில் ஒரு முதியவர் தம் நடையை இழப்பது, ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முறையையே மாற்றிவிடும்.

வண்டூரில் மகனுடன் வசிக்கும் 78 பிராயமுள்ள மூதாட்டி ஒருவர் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்ந்தார் எனக் கொள்வோம். சேர்ந்த அன்று மருத்துவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘இரண்டு வாரத்துக்கு முன் இவர் எப்படி இருந்தார்?’ என்பதாகும். மகன் சொல்கிறார்: “அம்மா தாமே கிணற்றடியில் குளிப்பார்; உலை வைப்பார்; கோழிகளுக்குத் தீனி போடுவார். படியேறத்தான் கை பிடிக்க வேண்டும்.” பார்த்தெல் கணக்கில் இது 95. சேர்ந்த அன்று எடுத்த எண் 55. எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை, எண்ணோ 60. வாயில் உணவு ஊட்டவேண்டிய நிலை மட்டுமே நீங்கியிருக்கிறது. குளிக்க இயலவில்லை, நடக்கவும் கழிப்பிடம் செல்லவும் ஆள் வேண்டும், படியேற முடியாது. நோய்ப் பதிவேட்டில் ‘குணம்’. அன்றாடப் பதிவேட்டில் 35 எண் நஷ்டம். முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால், ‘வயதானவர், இப்படித்தான் இருந்திருப்பார்’ என்று எண்ணி இந்நஷ்டத்தை எவரும் அறியாமலே விட்டிருப்பர்.

இனி, முழு மதிப்பீடு எதை எதைக் கண்டுபிடிக்கும் எனக் காண்போம். எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அலகு இறங்குகிறது. முன்பு கொடுத்துவந்த அழுத்த மருந்தின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். உறக்கத்துக்கெனக் கொடுத்த மாத்திரை பகலிலும் தூக்கத்தை உண்டாக்குகிறது. அவசரத்துக்குச் செருகிய சிறுநீர்க் குழாய் தேவை தீர்ந்த பின்னும் எடுக்கப்படவில்லை; அது கால்விலங்குபோல் அவரைக் கட்டிலோடு பிணைத்திருக்கிறது. பல்செட் வீட்டில் இருப்பதால் கஞ்சி தவிர வேறெதுவும் உண்ணவில்லை. கண்ணாடியும் வீட்டில். இவற்றுள் எதுவும் தீராத நோயன்று. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு, தேடினால்தான் அகப்படும்.

பலர் கூடிச் செய்யும் வேலை

இம்மதிப்பீடு ஒருவரால் ஆவதன்று. மருத்துவர் நோயையும் மருந்தையும் ஆராய்கிறார். நர்ஸ் உணவு, உறக்கம், தோல், மலசலம் ஆகியவற்றைக் கவனிக்கிறார். உடலியக்கப் பயிற்சியாளர் நடையைச் சீர்செய்கிறார். சமூகநல ஊழியர் வீட்டு நிலையையும், கவனிக்க ஆள் உண்டா என்பதையும் விசாரிக்கிறார். இவர்கள் ஒன்றுகூடி ஒரே திட்டம் வகுத்து, அதை வாரந்தோறும் திருத்துவதே இம்முறையின் உயிர்நாடி. அளந்து எழுதி, கோப்பில் வைத்து மூடிவிடுவதால் பயனில்லை.

இதன் பலன் சோதித்து அறியப்பட்டதாகும். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஸெபுல்வேதா மருத்துவமனையில் டாக்டர் ரூபன்ஸ்டைன் குழுவினர் நலிவுற்ற முதியோர் 123 பேரைச் சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இத்தகைய மதிப்பீட்டுக் கூடத்திலும் மற்றவர்களுக்கு வழக்கப்படியும் சிகிச்சை அளித்தனர். 1984-இல் வெளியான முடிவுப்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 23.8, மற்றதில் 48.3. ஒன்பது நாடுகளில் நடந்த 29 சோதனைகளை, 13,766 நோயாளிகளின் விவரங்களுடன் தொகுத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மதிப்பீடு பெற்றோர் பிற்பாடு தம் சொந்த வீட்டிலேயே உயிருடன் வாழும் வாய்ப்பு மிகுதி என உறுதிப்படுத்தியது. முந்திய சோதனையில் கண்ட அளவு பெரிய வேறுபாட்டை எல்லா இடத்திலும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் திசை ஒன்றே.

ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரில் 75 பிராயத்துக்கு மேற்பட்ட 370 உள்நோயாளிகளிடம் நடந்த சோதனை 2019-இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் வீடு செல்லும்போது பார்த்தெல் எண்ணில் சராசரி 5 இழந்திருந்தனர். நாள்தோறும் கண்காணிப்புடன் நடைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்தவர்களோ, இழப்பதற்குப் பதிலாகச் சராசரி 1.9 கூடுதல் பெற்றிருந்தனர். சித்தக் குழப்பத்தைத் தடுப்பதிலும் இவ்வாறே. டாக்டர் ஷாரன் இனூயி குழுவினர் 1999-இல் வெளியிட்ட சோதனையில், நாளும் இடமும் நினைவூட்டுதல், நடக்கவைத்தல், கண்ணாடியும் காதுக்கருவியும் தருதல், நீர் அருந்தச் செய்தல், மாத்திரையின்றி உறங்க வழிசெய்தல் ஆகியவற்றால், குழப்பம் அடைந்தோர் நூற்றுக்கு 15.0 என்பதிலிருந்து 9.9 ஆகக் குறைந்தனர். இவற்றுள் விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

அன்பும் உதவியும்

மேல்நாட்டு மருத்துவமனைகளில் இல்லாத ஒரு பெரும் பலம் நம்மிடம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் மகளோ, மருமகளோ, பேரனோ இரவும் பகலும் இருக்கிறார்கள். ஆனால் இப்பலமே பலஹீனமாகவும் மாறக்கூடும். “நீங்கள் அசையாதீர்கள் அம்மா, நான் செய்கிறேன்” என்று உணவை ஊட்டி, முகத்தைத் துடைத்து, படுக்கையிலேயே எல்லாம் முடித்துக் கொடுப்பதை நாம் பக்தியென்று கருதுகிறோம். செய்யாத காரியம் மறந்துபோகும். அசையாத தசை கரைந்துபோகும். தன் கையே தனக்கு உதவி என்னும் பழமொழி முதிய நோயாளிக்கு மருந்துச் சீட்டைப் போன்றது. உதவி செய்ய வேண்டாம் என்பதன்று இதன் பொருள். அவரால் இயலாததை மட்டும் செய்து, இயலுவதை அவர் செய்யும்வரை பொறுமையுடன் காத்திருப்பதே சிறந்த உதவி. மாமியார் கவளத்தைத் தாமே எடுத்து உண்ண அரைமணி ஆனால், அந்த அரைமணியும் சிகிச்சையே.

மருத்துவர் அனுமதித்த பின் குடும்பத்தார் கைக்கொள்ளத் தக்க சில விதிகள் வருமாறு. மூன்று வேளையும் கட்டிலை விட்டு எழுந்து அமர்ந்து உண்ணச் செய்தல். கழிப்பிடத்துக்குக் கைபிடித்து நடத்திச் செல்லுதல். கண்ணாடி, பல்செட், காதுக்கருவி, பழகிய செருப்பு ஆகியவற்றை முதல் நாளே கொண்டுவருதல். வீட்டில் உட்கொண்ட எல்லா மருந்துகளையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுதல். பேச்சிலோ நினைவிலோ திடீர் மாறுதல் தோன்றினால் உடனே தெரிவித்தல். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துதல் கூடாது.

வீடு திரும்பும் முன்

வீட்டை அறியாமல் வீட்டுக்கு அனுப்புவது அரைகுறைச் சிகிச்சையாகும். அந்தமானில் ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்கிறது. கழிப்பிடம் முற்றத்துக்கு அப்பால் இருக்குமானால், பாசிபடிந்த ஈரத் தரையில் இரவில் நடப்பதே மூதாட்டிக்கு அடுத்த ஆபத்து. வழிநெடுகக் கைப்பிடிக் கயிறோ மூங்கிலோ கட்டுதல், கழிப்பிடத்தில் பிடிமானம் அமைத்தல், குத்திட இயலாதபோது இருக்கைச் சட்டம் வைத்தல், இரவில் விளக்கு ஏற்றிவைத்தல் ஆகியவை தச்சர் ஒருவரின் அரைநாள் வேலை. மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நடந்து காட்டியது போதாது. வீட்டில் எத்தனை படி உண்டோ அத்தனை படியை ஏறிக் காட்டிய பின்பே வண்டூருக்குப் பயணப்பட வேண்டும். பிறகும் சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவர்கள் சென்று பார்த்து, எண்ணை மறுபடியும் எடுத்துக் குறிக்க வேண்டும். இழந்ததை மீட்கச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம்.

எல்லோரும் பழைய நிலையை அடைந்துவிடுவர் என்று சொல்வதற்கில்லை. 95 இருந்தவர் 85-இல் நின்றுவிடவும் கூடும். ஆயினும் 60-க்கும் 85-க்கும் உள்ள தூரம் சாமான்யமன்று. ஒன்றில் மகனோ மருமகளோ வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டும். மற்றொன்றில் காலையில் அவர்கள் வேலைக்குப் புறப்படலாம். ஒன்றில் மூதாட்டி, பிறர் வரும்வரை தாகத்துடன் காத்திருக்கிறார். மற்றொன்றில் தாமே எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறார்.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 60 பிராயத்துக்கு மேற்பட்டோர் 10 கோடிக்கு அதிகம். அத்தொகை தொடர்ந்து பெருகிவருகிறது. அவர்கள் அனைவருக்கும் முதியோர் மருத்துவ நிபுணர் கிடைப்பது எளிதன்று. ஆனால் பத்துக் கேள்விகளைக் கேட்க நிபுணர் வேண்டியதில்லை. சிற்றூர்ச் சுகாதார நிலையத்தின் நர்ஸ் கேட்கலாம். பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் கேட்கலாம். நோயாளியைச் சேர்க்கும் சீட்டில் காய்ச்சலுக்கும் நாடிக்கும் பக்கத்தில், ‘இரண்டு வாரத்துக்கு முன் தாமே என்னென்ன செய்துவந்தார்?’ என்று ஒரு வரியும், விடைபெறும் சீட்டில் ‘இப்பொழுது என்னென்ன செய்கிறார்?’ என்று ஒரு வரியும் எழுதப்படுமானால், இவ்விரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே மருத்துவமனை இன்னும் செய்யவேண்டிய வேலையைக் காட்டிவிடும்.